பம்பு பிள்ளையின் கையில் இருக்கட்டும்

இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் சங்கத்தில் உறுப்பினன் அல்லன். உங்கள் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பெண்ணின் தாத்தா. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து, தோட்டத்து மருத்துவமனைக்குப் பூட்டுப் போட்ட பிறகு வீட்டுக்கு வந்தவன். உங்கள் செயலவையில் இரண்டொருவருக்கு ஆயாக்கொட்டகைக் காலத்தில் நான்தான் ஊசி போட்டேன். யார் அதிகமாக அழுதார்கள் என்பதை இந்த மடலில் எழுதப்போவதில்லை.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பம்பை, அதாவது வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து டப்பாவை, அந்தப் பிள்ளையிடமே விட்டுவையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதைத் தலைவரிடம் நேரில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை கொடுத்தேன். இரண்டு முறையும் 'பார்க்கிறோம் ஐயா' என்ற பதில் வந்தது. மூன்றாவது முறை எல்லாரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

பிப்ரவரியில் நடந்த குறுக்கோட்டத்தைப் பற்றித்தான் பேச வருகிறேன். ஆண்டறிக்கையில் 'மாணவி ஒருவருக்குச் சிறிய உடல்நலக் குறைவு ஏற்பட்டது' என்று ஒரு வரி இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்குள் 11 நிமிடங்கள் அடங்கியிருக்கின்றன. கூட இருந்த பிள்ளை ஒருத்தி கைப்பேசியில் நேரம் பார்த்து வைத்திருந்தாள், அதனால் எனக்கு இந்தக் கணக்குத் தெரியும்.

செம்பனைக் காட்டை ஒட்டிப் போகும் செம்மண் சாலையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தபோது பழ லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறது. என் பேத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய நீலப் பம்பு பள்ளி அலுவலகத்தில், இரும்பு அலமாரியில், பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. மாணவர்கள் மருந்தைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உங்கள் ஏற்பாடு. அலமாரியின் சாவி யாரிடம் இருந்ததோ, அவர் ஓட்டம் முடியும் இடத்தில் சிரப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிளில் ஆள் போய்ப் பம்பு வந்துசேரும்வரை பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அவளைப் புல்லில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். மூச்சு வாங்கும் பிள்ளையைப் படுக்க வைத்தால் இருக்கிற மூச்சும் சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் முன்னால் சாயச் சொல்ல வேண்டும். நெஞ்சிலும் மூக்கிலும் தைலம் தேய்த்தார்கள். தைலத்தின் நெடியே சிலருக்கு இழுப்பை அதிகமாக்கும். தண்ணீர் புகட்டினார்கள். சுற்றி நின்று காற்றை அடைத்துக்கொண்டு விசிறியும் விட்டார்கள்.

பம்பு வந்தது. நல்ல மனம் படைத்த ஆசிரியர் ஒருவர் அதைப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்து மூன்று முறை அழுத்தினார். முகமெல்லாம் வெள்ளைப் புகை. மருந்து போய்விட்டது என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். போனது உண்மைதான், காற்றோடு போனது.

அப்போதுதான் அவளோடு படிக்கும் மலாய்ப் பிள்ளை ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் ஆஸ்துமா. படுத்திருந்தவளை எழுப்பி உட்கார வைத்து, பம்பைக் குலுக்கி, உதட்டுக்குள் வைத்து, 'பெர்லாஹான், பெர்லாஹான்' (மெதுவாக, மெதுவாக) என்று காதருகில் சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என் பேத்திக்குப் பேச்சு வந்தது. அவள் சொன்ன முதல் வாக்கியம் 'வீட்டுக்குச் சொல்லாதீர்கள்.'

அந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

புகையைக் காற்றில் விட்ட ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே தப்பைத் தோட்டம் முழுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் பம்பு இல்லை. இழுப்பு முற்றியவர்களுக்கு அமினோஃபிலின் ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றுவோம். ஏற்றி முடிப்பதற்குள் எனக்கே வியர்த்துவிடும். பிறகு நீலப் பம்பு வந்தது. ஊசி குறைந்தது என்ற மகிழ்ச்சியில், வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றைக் கையில் கொடுத்து, 'வாயில் வை, அழுத்து, சுள்ளென்று இழு' என்று சொல்லி அனுப்பினேன். மூன்று சொல்லில் பாடம் முடிந்தது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் ஒருவர் வாரம் தவறாமல், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து நேரே என்னிடம்தான் வருவார். 'பம்பை ஒழுங்காகப் பாவிப்பதில்லை' என்று அவரைத் திட்டியிருக்கிறேன். உண்மைதான், அவர் ஒழுங்காகப் பாவிக்கவில்லை. நான் சொன்னபடியே பாவித்தார்.

2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் நம் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரகாலம் அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? எதிர்வரிசை லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. என்னிடம் இருந்தது, மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம் ஒன்றே ஒன்று. வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனது. அன்றைக்கு நீல டப்பாக்களை மிட்டாய் கொடுப்பதுபோல் கொடுத்தேன். ஒருவரையாவது 'எங்கே, ஒரு தடவை செய்து காட்டு' என்று நான் கேட்கவில்லை.

கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அரசாங்க கிளினிக்கில் வேலை பார்க்கும் ஓர் இளம் மருந்தாளர். வயது என் மகனுடைய வயதில் பாதிதான் இருக்கும். பேத்தியை அழைத்துக்கொண்டு போனபோது, நான் பழைய டிரெஸ்ஸர் என்று பெருமையாகச் சொன்னேன். 'அப்படியா தாத்தா, அப்படியென்றால் நீங்களே அவளுக்குச் செய்து காட்டுங்கள்' என்று மருந்தில்லாத பயிற்சிப் பம்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். செய்தேன். நான்கு தப்பு என்றார். குலுக்கவில்லை. முதலில் மூச்சை வெளியே விடவில்லை. வேகமாக இழுத்தேன். இழுத்ததை உள்ளே நிறுத்தி வைக்கவில்லை. ஒரு பம்பில் இதற்கு மேல் என்ன தப்புச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஓர் அற்ப ஆறுதல். 1975 முதல் 2014 வரை உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பம்பைச் சரியாகப் பாவித்தவர்கள் 31 விழுக்காடு. நாற்பது ஆண்டுகளில் அந்த நிலை முன்னேறவே இல்லை. மருந்து மாறியது, உள்ளே இருக்கும் வாயு மாறியது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் செய்த ஒப்பந்தத்தால் பழைய வாயுவைக் கைவிட்டார்கள். பழைய பம்பு தொண்டையில் சில்லென்று அறையும். இப்போதைய பம்பு மெதுவாகத்தான் வரும், அதைப் பார்த்து 'தீர்ந்துவிட்டது' என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. மனிதன் உறிஞ்சும் விதம் மட்டும் மாறவில்லை.

இந்தப் பம்பு பிறந்த கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, ரப்பர் குமிழைக் கையால் அமுக்கி அமுக்கி ஆவியாக்கித்தான் உறிஞ்ச வேண்டும். பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிற சாமானா அது? முடிக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பாவில் என் மருந்தையும் அடைத்துத் தர முடியாதா என்று அந்தப் பெண் அப்பாவிடம் கேட்டாள். மறு ஆண்டே, 1956இல், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்து தரும் பம்பு விற்பனைக்கு வந்தது. பதின்ம வயதுப் பிள்ளை தானே எடுத்துக்கொண்டு போவதற்காகப் பிறந்த பொருள் அது. அதைத்தான் நீங்கள் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

சரி, கையில் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. அதனால்தான் மடல் நீள்கிறது.

பேத்திக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதுகிறேன். உங்கள் ஆசிரியர்களுக்கும் அது பயன்படலாம். முதல் இரண்டு மாலை பம்பைத் தொடவே விடவில்லை. வீட்டு முன்வாசலில் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு மட்டும் விட்டோம். அவள் கோயிலில் தேவாரம் பாடுகிறவள். ஒரு வரியை நடுவில் உடைக்காமல் பாட எப்படி மூச்சை எடுத்து வைத்துக்கொள்வாய் என்று கேட்டேன். காட்டினாள். அடிவயிறுவரை போகும் நிதானமான மூச்சு. 'இதுதானடி பாடம், உனக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது' என்றேன். பாடாத பிள்ளைக்கு வேறு உவமை வேண்டும். அவளுடைய தம்பிக்கு, பிளாஸ்டிக் பையில் வாங்கிய சிரப் பண்டோங் பானம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஸ்ட்ராவில் மெதுவாக இழுப்பானே, அதைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் பம்பு. மூடியைக் கழற்றியதும் வாய்ப்பகுதிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மூடி இல்லாமல் பையில் கிடந்த பம்புக்குள் தோட்டுத் திருகோ சில்லறைக் காசோ புகுந்திருந்தால், அழுத்துகிற வேகத்தில் அதுவும் மருந்தோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குப் போகும். பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே மருந்தும் வாயுவும் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். புதிதாகத் திறந்த பம்பையும், பல நாள் தொடாமல் கிடந்த பம்பையும் முதலில் காற்றில் இரண்டு மூன்று முறை அடித்துவிட வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, பம்பை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை முடிந்தவரை வெளியே விட வேண்டும். எல்லாரும் தவறவிடுகிற படி இதுதான். நிறைந்த குடத்தில் எங்கிருந்து தண்ணீர் ஊற்றுவது? அதன் பிறகு பம்பைப் பல்லுக்கு நடுவே வைத்து, உதட்டால் இறுக்கமாகச் சுற்றி மூடிக்கொண்டு, மெதுவாக இழுக்கத் தொடங்க வேண்டும். தொடங்கிய அதே நொடியில் ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்தியதும் இழுப்பதை நிறுத்திவிடக் கூடாது. நான்கு ஐந்து எண்ணும்வரை நிதானமாக இழுத்துக்கொண்டே போய், நெஞ்சு நிறைந்ததும் பம்பை எடுத்துவிட்டு வாயை மூடி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி வைத்து, பிறகு விட வேண்டும். இன்னோர் அழுத்தல் வேண்டுமென்றால் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்து, மறுபடியும் குலுக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு முறை அழுத்துவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் வீண்.

'சுள்ளென்று இழு' என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னது ஏன் தப்பு? வேகமாக இழுத்தால் மருந்துத் துளிகள் திருப்பத்தில் நிற்காத லோரிபோல் நேரே போய்த் தொண்டையின் பின்சுவரில் மோதிக்கொள்கின்றன. முறையாகச் செய்தாலே பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறது. முறை தவறினால் அந்த ஒன்றிரண்டும் இல்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பொடியாக உள்ளே போகும் வேறு வகைக் கருவிகளும் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். அவற்றை வேகமாக, பலமாகத்தான் இழுக்க வேண்டும். கையில் இருப்பது எது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்தினால் இன்னொரு டிரெஸ்ஸராகிவிடுவீர்கள்.

பாடம் சரியாக ஏறியதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். அதன் முன்னால் நின்றுதான் அவள் பம்பு அடிப்பாள். வாயோரத்திலோ மூக்கிலோ வெள்ளைப் புகை தெரிந்தால் தோற்றாள். முதல் வாரம் தோற்றாள். இரண்டாம் வாரம் கண்ணாடி சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்று வாரம் கழித்து, எச்சரிக்கை கொடுக்காமல், 'எங்கே காட்டு' என்றேன். மூச்சை வெளியே விடும் படி காணாமல் போயிருந்தது. இது அவளுடைய சோம்பல் இல்லை; நன்றாகக் கற்றவர்களுக்கும் சில வாரங்களில் ஒரு படி நழுவிவிடுகிறது. அதனால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பம்பு வெள்ளி. அன்றைக்கு நான் அவளுக்குக் காட்டுவதில்லை. அவள் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள், நான் வேண்டுமென்றே தப்புச் செய்வேன், அவள் கண்டுபிடிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து நீங்கள் பிரசங்கம் செய்தால் அவளுடைய காது மூடிக்கொள்ளும். தாத்தாவின் தப்பைத் திருத்தச் சொன்னால் அவளுக்கு அப்படி ஒரு குஷி.

பழுப்புப் பம்பைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். நீலம் இழுப்பு வந்தால் எடுப்பது. சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். பழுப்பு தினமும் எடுப்பது. உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது. எடுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே நம் வீடுகளில் அது முதலில் மூலைக்குப் போகிறது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மூலையிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போகிறது. என் மருமகளும் ஒரு முறை நிறுத்திவிட்டாள், காரணம் வேறு: பேத்தியின் குரல் கம்மியது. திருவிழாவில் பாட வேண்டிய பிள்ளை! மருந்தைப் பழிக்கும் முன் அவள் எடுக்கும் விதத்தைப் பார்த்தோம். பம்பு அடித்த பிறகு வாய் கொப்பளிக்கவில்லை. தொண்டையில் தங்கிய மருந்து குரலைக் கம்ம வைக்கும், சிலருக்கு நாக்கில் வெண்படலம் கட்டும். பழுப்புப் பம்பைப் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் வைத்தோம். பம்பு முதலில், பல் துலக்குவது பிறகு. கொப்பளிப்பதை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. குரல் திரும்பிவிட்டது.

நீலப் பம்பு மட்டும் போதும் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ஜினா, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்யக் கூடாது என்று 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு டப்பாவில் 200 அழுத்தல். ஆண்டுக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ ஓடினால் அந்தப் பிள்ளையின் ஆஸ்துமா அடங்கவில்லை என்று பொருள், மருத்துவரிடம் போயாக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான். பணம் தடையாக இருக்க வேண்டிய விஷயம் இல்லை.

'பம்பு ரொம்பக் கடுமையான மருந்து, பழகிவிட்டால் விட முடியாது' என்று கோயில் வாசலில் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நீலப் பம்பின் ஓர் அழுத்தலில் இருப்பது 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால். அதே மருந்தை மாத்திரையாக நான் பெரியவர்களுக்குக் கொடுத்தது 4 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு 40 அழுத்தல் சமம். மாத்திரையை எந்தக் கேள்வியும் இல்லாமல் விழுங்கியவர்கள்தான் பம்பைக் கண்டு பயப்படுகிறார்கள். வாயில் வைத்து உறிஞ்சுவது கண்ணுக்கு நோயாளி மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். பெண்பிள்ளையென்றால் 'நாளைக்கு ஒரு வரன் வந்தால் என்ன சொல்வது' என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

இங்கேதான் 'வீட்டுக்குச் சொல்லாதீர்கள்' என்ற வாக்கியம் வருகிறது. அவள் மூச்சுக்குப் பயந்ததைவிடப் பேச்சுக்கு அதிகமாகப் பயந்திருக்கிறாள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுதி இன்னும் பரப்ப மாட்டேன். அதனால் கழிப்பறைக்குள் போய்த்தான் பம்பு அடிப்பாளாம். அவசரமாக, ஓசை கேட்காமல், குலுக்காமல், எண்ணாமல். நான் முன்வாசலில் சொல்லிக்கொடுத்த பாடம் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் எப்படி நிற்கும்? முறையைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பறையில் பத்துப் பேர் முன்னால் பம்பு அடிப்பது மூக்குக் கண்ணாடி போடுவதுபோல் சாதாரணம் என்று ஆக்குவது உங்கள் வேலை.

உங்கள் தரப்பையும் யோசித்தேன். மின்சிகரெட் தொல்லையால் பைகளைச் சோதிக்கிறீர்கள். அந்த அவசரத்தில் வாயில் வைத்து உறிஞ்சுகிற எதைக் கண்டாலும் பறிமுதல் என்று ஆகிவிட்டது. கட்டொழுங்கு ஆசிரியருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க அரை நிமிடப் பயிற்சி போதும். வேறு பிள்ளை எடுத்து அடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு செயலவை உறுப்பினர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆரோக்கியமான பிள்ளை ஓர் அழுத்தல் அடித்துப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், கை நடுங்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பம்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிப்ரவரியில் பார்த்தீர்கள். இரண்டு ஆபத்தும் ஒன்றா? பிரிட்டனில் 2014 அக்டோபர் முதல், மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே பள்ளிகள் அவசரத்துக்கு நீலப் பம்பு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தையே மாற்றினார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அவளுடைய பம்பை அவளிடம் கொடுங்கள் என்கிறேன்.

பள்ளியில் ஒரு ஸ்பேசரும் இருக்க வேண்டும். பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாய் அது. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. மருந்து குழாய்க்குள் நிற்கும், பிள்ளை தன் மூச்சில் எடுத்துக்கொள்ளலாம். திணறுகிற பிள்ளைக்கு, பதற்றத்தில் இருக்கும் ஆசிரியர் உதவ அதைவிட நல்ல சாதனம் இல்லை. ஆஸ்திரேலியாவில் இதை நான்கு நான்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஒவ்வொன்றாக நான்கு அழுத்தல், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஸ்பேசர் வழியே நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பது, குறையாவிட்டால் இன்னொரு நான்கு, அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். நமக்கு எண் 999. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனாலோ கணக்கெல்லாம் பார்க்காமல் முதலிலேயே கூப்பிடுங்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ஸ்பேசருக்குச் சங்கத்தில் நிதி இல்லை என்று சொல்ல வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கை அடைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சளைத்ததாக இல்லை; 1999இல் லான்செட் இதழில் வந்தது. நான் மினரல் வாட்டர் பாட்டிலில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கம்பியைப் பம்பின் வாய் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, ஓட்டை போட்டேன். கிழவனுக்கு வேறென்ன வேலை? ஒரு குறிப்பு: கடை ஸ்பேசரோ பாட்டிலோ, சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விட வேண்டும். துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

என் பேத்தியை ஓட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். மருத்துவர் சொல்லியிருந்தால் ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் நீலப் பம்பு எடுத்துவிட்டு ஓடலாம். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த பவுலா ரெட்கிளிஃபுக்கும் ஆஸ்துமாதான். எங்கள் வீட்டுப் பெண் அவ்வளவு வேகம் ஓட மாட்டாள். கடைசியிலிருந்து மூன்றாவதாக வருவாள். ஆனால் ஓட்டத்தை அவளே ஓடி முடிக்கட்டும்.

ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிநிலம் பற்றிக்கொள்ளும் காலமும், கடலுக்கு அப்பாலிருந்து புகைமூட்டம் வரும் காலமும் அதிக தூரத்தில் இல்லை. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். அந்த மருந்தாளரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்றை ஒதுக்கினால் பயிற்சிப் பம்புகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை மட்டும் கூப்பிடாதீர்கள், அவர்களுடைய தோழர்களையும் தோழிகளையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு வாய்க்கால் ஓரத்தில் என் பேத்தியை எழுப்பி உட்கார வைத்தது பெரியவர்களில் யாரும் இல்லை. அந்த மலாய்ப் பிள்ளைக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதுங்கள் என்று இரண்டு முறையும் கேட்டேன். அதற்கும் 'பார்க்கிறோம் ஐயா'தான் பதில்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வருகிறேன். பையில் பயிற்சிப் பம்பு ஒன்றும், ஓட்டை போட்ட பாட்டிலும், பேத்தியின் முகம் பார்க்கும் கண்ணாடியும் இருக்கும். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. தலைவர் அவர்கள் முதலில் எழுந்து வந்து, கண்ணாடி முன்னால் நின்று, ஒரு தடவை செய்து காட்டட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பழைய டிரெஸ்ஸர்,
கோலசிலாங்கூர் மாவட்டம்